செயின் கடை மாப்பிள்ளை

பாதுஷா இரண்டாவது பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கிக்கொண்டிருந்தபோது, மாமியார் ஷரீபா பீவி ஒரு நூலைக் கொண்டுவந்து தன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக் காட்டினாள்.

"இந்த நீளம் போதும் மாப்ள. அடுத்த லீவுல வரையில கொண்டாந்தாப் போதும். அவசரமில்லை."

எதைக் கொண்டுவர வேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை. நிக்காஹ் முடிந்து சங்கரன்கோவிலில் பெண் வீட்டு விருந்துக்கு வந்திருக்கிற புது மாப்பிள்ளை அவன். புது இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று கடையநல்லூரில் அக்கா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். எனவே தலையை மட்டும் ஆட்டினான்.

"கோதுமை டிசைன் உங்க கடையில ஓடுமா?" என்று மாமியார் அடுத்ததைக் கேட்டாள்.

இது அவனுக்குப் புரிந்தது. துபாயில் அவன் வேலை பார்த்தது ஓர் அமெரிக்கக் கோழிக் கடையில். துண்டு போட்ட கோழியை மாவில் புரட்டி, எண்ணெயில் இறக்கி, மணி அடித்ததும் எடுப்பதுதான் வேலை. டிசைன் என்ற சொல் கொஞ்சம் இடறினாலும் கோதுமை இடறவில்லை.

"எங்க கடையில எல்லாமே கோதுமைதான் மாமி. கோதுமை இல்லாம ஒண்ணும் வெளிய போகாது" என்றான்.

ஷரீபா பீவிக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்களிடம், எல்லாமே கோதுமைச் செயின்தானாம் என்று அறிவித்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து இன்னும் சில நூல்கள் வந்து சேர்ந்தன.

அப்போதுதான் பாதுஷாவுக்கு விஷயம் விளங்கியது. ஒரே முதலாளிக்கு ஊர் ஊராக, நாடு நாடாகக் கிளைகள் இருந்தால் அதைச் செயின் கடை என்பார்கள். இதைத் தன் உம்மாவுக்குப் புரியவைக்கவே அவனுக்குப் போன லீவு முழுவதும் செலவாயிற்று. உம்மா அதைக் கல்யாணம் பேசிவிடும் மைமூனம்மாளிடம் சொன்னாள். மைமூனம்மாள் பஸ் ஏறி இந்த வீட்டு வாசலில் வந்து சொன்னாள். கடைசியில் இங்கே எல்லோரும் புரிந்துகொண்டிருப்பது கழுத்தில் போடுகிற செயினை. இந்த மைமூனம்மாள் கிழவி வாயில் ஒரு சேதிகூட உருப்படியாக வந்து சேராதா என்று மனசுக்குள் திட்டினான். சாயங்காலம் மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

மாமனார் ரசூல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பரோட்டாக் கடை வைத்திருந்தார். அவர் கடைச் சால்னாவுக்கு ஒரு ருசி என்று கிடையாது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த அன்றைக்குக் காரம் தூக்கலாக இருக்கும். அன்றைக்குத்தான் கூட்டமும் அதிகம். சிவகிரி பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆட்கள், 'பாய்க்கும் பீவிக்கும் இன்னைக்கு எப்படி?' என்று விசாரித்துவிட்டுத்தான் இலை போடச் சொல்வார்கள்.

மருமகனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, துபாயில் நம்ம ஆட்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார் ரசூல். நல்ல வாய்ப்பு என்று பாதுஷா ஆரம்பித்தான். அங்கே அமெரிக்கக் கோழிக் கடை ஒன்று இருக்கிறது; எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள்; முதல் கடியிலேயே கண்ணை மூடிக்கொள்வார்கள்; அவர்கள் ஊரில் தின்ற அதே ருசி. நம்ம ஆட்கள் அந்தக் கடைக்குள்ளேயே வேலை செய்தாலும், பசித்தால் பின் சந்தில் மலையாளத்தான் கடைக்குத்தான் ஓடுவார்கள். அங்கே பரோட்டா செருப்புத் தோல் மாதிரி இருக்கும். ஆனாலும் பரோட்டா பரோட்டாதான்.

"அந்த அமெரிக்காக்காரன் கடை எல்லா ஊர்லயும் ஒரே ருசியா?"

"ஆமா மாமா. உப்பு, மசாலா எல்லாம் பொட்டலத்துல வந்துரும்."

"தெனமுமா?"

"தெனமும் ஒண்ணு போலத்தான்."

 ரசூலுக்கு அது அநியாயமாகப் பட்டது.

"அப்ப சமைக்கவனுக்குக் கோவமே வராதா மாப்ள?"

பாதுஷா பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். தான் ஆயுசு முழுக்க அடுப்புக்கு முன்னால் வெந்துவிட்டதாகவும், தன் மகளும் ஓர் அடுப்புக்காரனுக்கு வியர்வைத் துணி துவைக்கக் கூடாது என்று முடிவு செய்து, பெண் கேட்டு வந்த ஓட்டல்காரர்களை எல்லாம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். புளியங்குடியில் சொந்தமாகக் கடை வைத்திருந்தவனையே வேண்டாம் என்றாராம்.

"ஓட்டல்காரன்னு சொல்லி ஒருத்தன் இந்தப் படி ஏறுனாம்னா காலை ஒடிச்சிருவேன். அல்லா பாத்து உங்களைக் குடுத்தான்" என்று மருமகன் தோளைத் தட்டினார்.

பாதுஷா தன் காலைப் பார்த்துக்கொண்டான். உண்மை அப்படியே உள்ளே போய்விட்டது.

காலைவிட அவனுக்குப் பெரிய கவலை மனைவி மீரா பீவி. கல்யாணமான சில நாளிலேயே அவள் மேல் அவனுக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லிக் கட்டிக்கொண்டான் என்று அவள் நினைத்துவிட்டால் என்ன செய்வது? அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒருமுறை, "மீரா, நான் துபாய்ல..." என்று தொடங்கினான். முதலில் சாப்பிடுங்கள், ஆறிவிடும் என்று சொல்லி அவள் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு தைரியம் வரவில்லை.

சரி, பொய் சொல்லாமல், உண்மையை முழுசாகவும் சொல்லாமல் ஓட்டிவிடலாம் என்று நினைத்தான். கடையில் உங்களுக்கு என்ன வேலை என்று மாமி கேட்டபோது, முன்னால் நின்று விற்பது இல்லை, பின்பக்கம் அடுப்பு வேலை என்றான். அவனுடைய மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது. மாப்பிள்ளை தங்கம் உருக்குகிற இடத்தில் இருக்கிறார் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சூட்டைப் பார்த்துச் சரியான பதத்தில் எடுக்க வேண்டும், கொஞ்சம் விட்டால் கருகிவிடும் என்று அவன் விளக்கினான். தங்கத்தை நம்பி மாப்பிள்ளை கையில் கொடுக்கிறார்கள் என்றால் சும்மாவா என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். ரசூலுக்கு மட்டும் அடுப்பு என்றதும் முகம் ஒரு நொடி சுருங்கியது. தங்கம் உருகுகிற அடுப்பு வேறு, சால்னா கொதிக்கிற அடுப்பு வேறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நூல்கள் குவிந்துகொண்டே போனதால், கஸ்டம்ஸில் பிடித்துவிடுவார்கள், செயின் கொண்டுவர முடியாது என்று கையை விரித்தான். அதுவும் வினையாயிற்று. கொண்டுவரத்தானே முடியாது, இருப்பதைப் பார்த்துச் சொல்லலாமே என்று தெருப் பெண்கள் தங்கள் கழுத்திலிருந்து கழற்றி நீட்டினார்கள். முதல் செயினைக் கையில் வாங்கியதும், அடுப்படிப் பழக்கத்தில் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டான்.  துபாயில் வாசத்திலேயே தங்கத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற சேதி பஜார் வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு மோந்து பார்க்காமல் சொன்னால் ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாச் செயினையும் மோந்தான், எல்லாவற்றையும் நல்ல செயின் என்றான், எல்லோரும் சந்தோஷமாகப் போனார்கள்.

ராயகிரியிலிருந்து சுந்தரம்மாள் வந்ததும் இந்தக் கூட்டத்தில்தான். ரசூல் கடைக்கு ஆடு கொடுக்கிற சம்சாரிக் குடும்பத்துப் பெண், புருஷன் இல்லாமல் தனியாக உழுது பிழைப்பவள். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் செயின் கேட்டு நெருக்குகிறார்கள் என்று ஒரு செயினை எடுத்து நீட்டினாள். பாதுஷா மோந்தான்.

"நல்லா பொன்னிறமா வந்திருக்கு. வேக்காடும் சரியா இருக்கு" என்றான், வாய் தவறி.

வேக்காடு என்பது பெரிய கடைப் பேச்சாக இருக்கும் என்று சுந்தரம்மாள் நினைத்துக்கொண்டாள். கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம் ரசூல் கடையில் பாதுஷா உட்கார்ந்திருந்தபோது, எதிரில் பரோட்டா தின்றுகொண்டிருந்த பரமசிவன் ஆசாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். நகைப் பட்டறை வைத்திருப்பவர்.

"சுந்தரம்மா செயினை நல்ல செயினுன்னு சொன்னது நீங்கதான?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என்கிட்டயும் காட்டுனா. உரசிப் பாத்தேன். மேல முலாம், உள்ள செம்பு. சொன்னா நம்ப மாட்டேங்கா. துபாய்ல அம்புட்டுப் பெரிய கடைக்காரரே சொல்லிட்டாராம். எனக்கு இருக்கது ஒத்தக் கடை, நான் சொன்னா எடுபடுமா?"

அந்தச் செயின் எங்கிருந்து வந்தது என்று பாதுஷா கேட்டான். மாட்டுத் தரகன் வீரபாண்டி கொடுத்தது. அதற்குப் பதிலாகச் சுந்தரம்மாள் தன் உழவு மாடு இரண்டையும் நாளைக் காலையில் கைமாற்றிக் கொடுக்கப் போகிறாள் என்றார் ஆசாரி.  அவள் உழுது பிழைப்பது அந்த மாடுகளை வைத்துத்தான். அவன் மூக்கை நம்பி அவற்றை விடப் போகிறாள்.

தான் மோந்து பார்த்ததில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது, சுந்தரம்மாள் அவசரப்பட வேண்டாம் என்று ஆள் அனுப்பினான். ஆள் போய், துபாய் மாப்பிள்ளை உங்களை நேரில் வரச் சொன்னார் என்று மட்டும் சொல்லிவைத்தான். மாப்பிள்ளையே முன்னால் நின்று முடித்துவைக்கப் போகிறார் என்று எடுத்துக்கொண்டு, சுந்தரம்மாள் காலையில் மாடுகளையும் வீரபாண்டியையும் ரசூல் வீட்டு வாசலுக்கே கூட்டிவந்துவிட்டாள்.

மாடுகள் தெருவை அடைத்து நின்றன. மாடு கைமாறுவதைப் பார்க்கத் தெரு கூடிவிட்டது. மருமகனுக்கு இவ்வளவு மதிப்பா என்று ரசூல் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லிருங்க தம்பி. கயித்தக் கையில குடுத்துருதேன்" என்றாள் சுந்தரம்மாள்.

பாதுஷா மாமனாரைப் பார்த்தான். அடுக்களைக் கதவில் மீராவின் முக்காடு தெரிந்தது. ஒரே வார்த்தைதான், சொல்லிவிட்டுப் பத்திரமாகத் துபாய்க்குப் போய்விடலாம். மாடுகளில் ஒன்று அவனைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. அவனால் முடியவில்லை.

"கயித்தக் குடுக்காதீங்க அக்கா. அது செம்பு. ஆசாரி சொன்னதுதான் நெசம். செயினைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் துபாய்ல ஓட்டல்ல கோழி பொரிக்கவன்."

 முதலில் சுதாரித்தவன் வீரபாண்டி. சுந்தரம்மாள் கையிலிருந்த செயினைப் பறித்துக்கொண்டு, மாடுகளுக்கு நடுவில் புகுந்து போயே போய்விட்டான். மகள் கல்யாணத்தைப் போய்க் கோழிக்காரனிடம் கேட்டோமே என்று சுந்தரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருங்க தம்பி" என்று அழுதாள். மாடுகளோடு அவள் தெரு முக்கு திரும்புகிற வரைக்கும் ரசூல் அசையாமல் நின்றார்.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எந்த ஓட்டல்?"

"அந்தப் பொட்டல மசாலாக் கடைதான் மாமா. ஊரூருக்கு இருக்கதால அதுக்குச் செயின் கடைன்னு பேரு."

"தெனமும் ஒரே ருசிக்கு?"

"ஆமா மாமா."

அதுதான் அவரை அதிகமாக வருத்தியது. அடுப்புக்காரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கொடுத்ததுதான் கொடுத்தோம், கோபம்கூட வராத ஓர் அடுப்புக்காரனுக்கா கொடுக்க வேண்டும் என்று புலம்பினார். பாதுஷா தன் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினான். ஷரீபா பீவி நூல்களைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு விசும்பினாள்.

ரசூலின் கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஏழைப் பெண்ணின் மாடுகளைக் காப்பாற்றிய மாப்பிள்ளையை அடிக்கவும் மனசு வரவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எல்லாத்துக்கும் காரணம் அந்த மைமூனம்மாதான். செயின் கடைன்னு கதை விட்டு என் தலையில கட்டிட்டா. இப்பமே கடையநல்லூர் போறேன். இனி அவ எங்கன போய் யாருக்குக் கல்யாணம் பேசுதான்னு பாக்கேன்."

அவர் செருப்பை மாட்டுவதற்குள், இதுவரை பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத மீரா, கதவைத் தாண்டி வெளியே வந்தாள்.

"மைமூனம்மா பாவம் வாப்பா. நீங்களும் உம்மாவும் இல்லாத நேரத்துல வந்து, 'கோழி பொரிக்கிற செயின் கடை'ன்னு முழுசாத்தான் சொல்லிட்டுப் போனாவ. இவுக போட்டோவைப் பாத்துட்டு, கோழியை மட்டும் உங்ககிட்ட சொல்லாம விட்டது நான்தான்."