சாப்பாட்டுக்குப் பின் இரண்டு பக்கம்

பிள்ளைக்குப் புத்தகத்தை மருந்தாகப் புகட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அந்த இனத்தில் லட்சம் பேரையாவது நான் அலசிப் பார்த்திருப்பேன். சரி, லட்சம் கொஞ்சம் அதிகம். விரல் விட்டு எண்ணினால் ஒன்பது பேர் தேறுவார்கள். அவர்களில் மணியான ஒருவரைக் காட்டுகிறேன், பாருங்கள்.

தொழிலே அவருக்கு மருந்துக் கடைதான். நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் எல்லாரும் முன்னட்டைப் படத்தைப் பார்த்து மயங்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு, எந்த வயதுக்கு, எதற்கு நல்லது, புதுச் சொல் எத்தனை, நீதி உண்டா என்று பின்னட்டையை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிப்பார். காலாவதித் தேதியைத்தான் தேடவில்லை. பக்கத்தில் நாலு வயது மகள். அவள் நெஞ்சோடு அணைத்திருப்பது, குளியல் தொட்டியில் மாட்டிக்கொண்ட யானையின் கதை. ஏற்கெனவே ஆறு முறை வீட்டுக்கு வந்துபோன யானை.

"இதுல அப்படி என்னம்மா இருக்கு?"

"யானை இருக்கு."

சரியான பதில்தானே? அவருக்கு அந்த யானையில் சத்துப் போதவில்லை. மகள் செருப்பு மாட்டக் குனிந்த நேரம் பார்த்து யானையை அகராதிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, உடல் உறுப்புகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் பதிந்துகொண்டார். எட்டு வயதுக்கு என்று போட்டிருந்தது. நாலு வயதுக்கு எட்டு வயது மருந்தைக் கேட்டு யாராவது கடைக்கு வந்தால் இவரே வாசலைக் காட்டுவார். புத்தகம் என்றால் மட்டும், அளவு கூடினால் குணமும் கூடும் என்று ஒரு நினைப்பு.

அன்றே வைத்தியம் ஆரம்பம். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு பக்கம், மடியில் வைத்து. ஒரு வரி படிப்பார், நிறுத்துவார், கல்லீரல் எங்கே என்பார். முதல் நாள் வலப்பக்கம் காட்டினாள். இரண்டாம் நாள் அவருடைய முழங்காலைக் காட்டினாள். மூன்றாம் நாள் மடிக்கே வரவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வயிறு வலிக்கிறது, புத்தகம் வேண்டாம் என்றாள். வயிற்றை மட்டும் சரியாகத் தொட்டுக் காட்டினாள்.

போன வாரம் வரை, கழுவிய கை காயுமுன் புத்தகத்தோடு வந்து மடியில் விழுந்த பிள்ளை! கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் அந்தக் காலி மடிதான் அவருக்குக் கனத்தது. மனைவியிடம் புலம்பினார்.

"பக்க விளைவு" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

மறுநாள் நூலகத்தில் முட்டி போட்டு அகராதிகளுக்குப் பின்னால் துழாவினார். என்ன தேடுகிறீர்கள் என்று நூலகர் அம்மா கேட்க, யானை என்றார் பரிதாபமாக.

"அத அன்னைக்கே எடுத்து அதோட எடத்துல வச்சிட்டேன் சார். வாராவாரம் யாராவது ஒரு அப்பா அங்கதான் ஒளிக்கிறாங்க."

மாலையில் யானையை வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, எதிரே யாருமில்லாமல், உரக்கப் படித்தார். தெருவே கூடி யானையை இழுக்கிறது, சோப்பு வழுக்குகிறது, யானை தும்முகிறது, கூரை பறக்கிறது. அவரையும் அறியாமல் சிரிப்பு பீறிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, ஒரு பக்கம் விட்டுட்டீங்க."

விட்ட பக்கத்தைக் காட்ட மடிக்குத்தானே வந்தாக வேண்டும்? வந்தாள். அன்றோடு மனிதர் கேள்வி கேட்பதை அடியோடு விட்டுவிட்டார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "சரி, இதனால் குழந்தைக்கு என்ன பயன்?" என்று உங்கள் வாய் துறுதுறுக்கிறதா? எதற்கும் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதியதை அந்த வீட்டிலேயே படித்துக் காட்டினேன். தகப்பனார் பெருமையோடு தலையாட்டினார். மகள் ஆட்டவில்லை.

"கேள்வி கேக்குறத ஒண்ணும் விடல. நேத்துகூட, தொட்டியில எத்தனை லிட்டர் தண்ணி பிடிக்கும்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"யானைகிட்டக் கேளுங்கன்னேன்."