மேடையில் பிடிபட்ட கொலைகாரன்

கோயிலில் கதை கேட்டு வளர்ந்தவளிடம் மர்ம நாவலைக் கொடுத்து, மேடையிலும் ஏற்றக் கூடாது. இது எனக்குத் தெரியும். ஜமால் தம்பிக்கு அப்போது தெரியவில்லை.

நான் உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனாலும் சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்கள் என்னிடம்தான் முதல் பிரதியைத் தருவார்கள். சாமி விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால், சமர்ப்பணம் தொடங்கி அச்சக முகவரி வரை ஒரு எழுத்து விடமாட்டேன். பிறகு ஃபேஸ்புக்கில் மனசில் பட்டதை எழுதுவேன். (பெரிய படிப்பு படித்தவர்கள் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு எழுதுகிறார்கள். பெயர் வேண்டாம்.)

ஜமால் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர். கடையைப் பூட்டியபின் எழுதி எழுதி ஒரு துப்பறியும் நாவல் முடித்தார். பதிப்பகம் எதுவும் எடுக்கவில்லை, தானே அச்சடித்தார். வெளியீட்டு விழாவில் நான்தான் மதிப்புரை பேச வேண்டும் என்று ஈசூனில் எங்கள் வீடு தேடி வந்து கேட்டார். அவர் மனைவி நூர்ஜஹான் கூடவே வந்து, "அக்கா, நல்லா பேசுங்க. விக்கலைன்னா எல்லாம் எங்க கட்டில் மேலதான். இப்பவே கால் நீட்ட இடமில்ல," என்றாள்.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "சுருக்கமா பேசு லா," என்றார். நான் முருகனைக் கும்பிட்டு, பட்டுப்புடவையில் போனேன்.

உணவகத்தின் மாடியில் கூட்டம் நிறைந்திருந்தது. மைக்கைப் பிடித்ததும் எனக்குக் கோயில் பிரசங்கம்தான் நினைவில் வந்தது. முதலிலிருந்து கதையைச் சொன்னேன். நகைக்கடை முதலாளி செத்துக் கிடந்ததைச் சொன்னபோது, வடை தின்றுகொண்டிருந்தவர்கள் வடையைக் கீழே வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்வரிசையில் ஜமால் தொண்டைக்குக் குறுக்கே கையை இழுத்து இழுத்துக் காட்டினார். தாகம் போலிருக்கிறது என்று நினைத்து, "யாராச்சும் தம்பிக்குத் தண்ணி குடுங்க," என்று மைக்கிலேயே சொன்னேன். தண்ணீர் வந்தது. அவர் குடிக்கவில்லை.

நானும் நிறுத்தவில்லை. "கடைசியில் பார்த்தால், கொன்றது கூடவே இருந்து அழுத மைத்துனன் பாஸ்கர்," என்று முடித்தேன்.

கைதட்டல் இல்லை. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அப்ப இனிமே எதுக்கும்மா வாங்கணும்?" என்றார். நூர்ஜஹான் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்:

"ஐயா, சூரன் சாவான்னு தெரியாமலா வருஷா வருஷம் சூரசம்ஹாரம் பார்க்கப் போறோம்? நல்ல கதைன்னா முடிவு தெரிஞ்சாலும் உட்காருவோம். இது நல்ல கதை. நான் ரெண்டாந்தரம் படிச்சேன், அப்பத்தான் அந்தப் பாவி அழுத இடத்துல எனக்கு வயிறு எரிஞ்சது."

பெரியவர் சிரித்துவிட்டார். அவரே முதலில் எழுந்து ஒரு பிரதி வாங்கினார். பிறகு பெண்கள் எல்லாரும் "அவன் எப்படி அழுதான்னு பார்க்கணும்" என்று வரிசையில் நின்றார்கள். எல்லாம் விற்கவில்லை. ஆனால் நூர்ஜஹான் கால் நீட்டும் அளவுக்கு விற்றது.

ஜமால் மட்டும் என்னிடம், "அக்கா, நான் கடைசிப் பக்கம் வரை ஒளிச்சு வச்ச ஆளை இப்படிப் பிடிச்சுக் குடுத்துட்டீங்களே," என்றார்.

அவருடைய அடுத்த நாவலுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். ஆனால் கடைசி அத்தியாயம் இல்லாத பிரதியைக் கொடுத்தார். நான் மேடையில் நேர்மையாகவே, "முடிவு எனக்குத் தெரியாது," என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். "ஆனா அந்த டாக்டர் மேலதான் எனக்குச் சந்தேகம்," என்றும் சொன்னேன். ஜமால் முகம் போன போக்கிலேயே கூட்டத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து என்னைக் கவிதைப் புத்தகங்களுக்கு மட்டும்தான் மேடையேற்றுகிறார்கள். அழைப்பு வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கவிஞர்களுக்காகக் கவலைப்படுகிறார். "பாவம், அதுல கொலையே இல்லைன்னு நம்பிக் குடுக்குறாங்க. இவ அதுலயும் ஒருத்தனைப் பிடிச்சிடுவா."