பன்னிரண்டு மணிக்கு ஆடிய ஸ்டிக்

நான் படித்தது விமானப் பராமரிப்பு. பயப்படுவது பேய்க்கு. இரண்டும் என் மண்டைக்குள் சண்டை போடாமல் குடியிருந்தன என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நெம்மேலி தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் ஒரு பக்கம் திறந்த தகரக் கொட்டகை. அங்கே என் அப்பாவைவிட வயதான இரண்டு சீட் விமானம் ஒன்றை, ஓய்வுபெற்ற விமானி ஒருவர் பறக்கும் நிலையில் வைத்திருந்தார். அவரைக் கேப்டன் என்போம். என் வேலை பெரும்பாலும் உப்பைத் துடைப்பது. கடற்காற்றின் உப்பு பழைய அலுமினியத்தைக் கரையான் மாதிரி அரித்துவிடும் ("துணியும் கையுமா நிக்கவாடி படிச்சே?" என்பாள் அம்மா).

ஒரு நாள் உச்சி வெயிலில் நான் மட்டும் இருந்தேன். ஆளில்லாத காக்பிட்டில், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக் தானாகப் பின்னால் வந்தது. நின்றது. மெல்ல முன்னால் போனது. யாரோ உட்கார்ந்து விமானம் ஓட்டுகிறார்கள். சீட்டின் தோல்கூட அமுங்கியிருந்தது (பல வருஷமாக அமுங்கியதுதான், அப்போது யோசிக்க யாரால் முடியும்?). மறுநாளும் அதே பன்னிரண்டு மணி, அதே ஆட்டம். அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.

"அதுல எவனோ குந்திகினு கீறான்டி," என்று அம்மா கறுப்புக் கயிறு கட்டிய படிகாரக் கட்டி ஒன்றைக் கொடுத்தாள். "சீட்டாண்ட வெச்சிடு. அடங்கிடுவான்."

வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு ஸ்டிக் ரெண்டு தரம் ஆடியது, நடுங்கியது, நின்றது. மறுநாள் அசையவே இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேவிட்டேன். அந்த நிம்மதியில், கண்ட்ரோல் எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டேன், தொட்டுப் பார்க்காமலே. தூங்குகிறவனை எழுப்புவானேன்?

கேப்டனிடம் ஒரு சட்டம் உண்டு. கையெழுத்துப் போட்டவர் கூடவே ஏற வேண்டும். மறுநாள் காலை முன் சீட்டில் நான், பின்னால் அவர். இன்ஜின் உறுமியது. புறப்படும் முன் அவர் ஸ்டிக்கை இழுத்தார். பாதியில் நின்றது.

"இன்னாம்மா இது, வரமாட்டேங்குது?"

"அடங்கிடுச்சு சார்!" பெருமையாகக் கத்தினேன். "இனிமே ஆடாது!"

இன்ஜினை அணைத்தார்.

டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்டிக்கின் அடியில் படிகாரம் ஆப்பு மாதிரி சிக்கியிருந்தது. கயிறு கம்பியைச் சுற்றியிருந்தது. கொட்டகைக்குள் போய், சிவப்பு ரிப்பன் கட்டிய பூட்டுக்கட்டையை எடுத்துவந்தார். நிறுத்திய விமானத்தில் ஸ்டிக் ஆடாமலிருக்க மாட்டுவது. வாலைத் துடைக்க நான்தான் கழற்றினேன், திரும்ப மாட்டவே இல்லை. மதியம் கடற்காற்று ஏறினால் வால் பலகை ஆடும். அது ஆடினால் கம்பியால் இணைத்த ஸ்டிக்கும் ஆடும். பேய் நான்தான்.

"படிகாரமும் உப்புதாம்மா. ஆறு மாசமா உப்பைத் தொடச்சிட்டு, ஒரு கட்டி உப்பை நீயே உள்ள வெச்சிருக்கே," என்றார். சிரிக்கவில்லை. "கடலுக்கு மேல மூக்கு தூக்கலைன்னா, நாளைக்கு இங்க நெஜமாவே ரெண்டு பேய் குந்திகினு இருந்திருக்கும்."

நாலு பக்கமும் ஸ்டிக்கை ஆட்டிப் பார்க்காமல் அப்புறம் நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அம்மாவுக்கு வருத்தமே கிடையாது. சொந்தக்காரர் கல்யாணத்தில் நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

"பேயை நிறுத்தத்தான் குடுத்தேன். என் படிகாரம் ப்ளேனையே நிறுத்திடுச்சி!"