உயரமும் எடையும் கடைசியில் எடுக்கப்பட்ட விவரம்

வீட்டில் என் மனைவி லினெட்டின் ஒரே தம்பியும், கல்லூரியில் எனக்கு மேலதிகாரியுமான விளையாட்டுத் துறைத் தலைவர் ரஸ்ஸல் பிராண்ட்வோல்டு அவர்களுக்கு, உடற்திறன் பயிற்சியாளர் எவரெட் ஹால்வர்சன் எழுதிக்கொள்வது.

நாங்கள் நலம். ஏரியில் இந்த வாரம் மீன் நன்றாகக் கடிப்பதாகக் கேள்வி, மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாலிபால் அணிப் பட்டியலில் கையொப்பமிட வேண்டிய ஒருவர், புதன்கிழமை படகில் மல்லாந்திருப்பதை நினைக்கையில் எங்களைப் போன்ற சிப்பந்திகளுக்கு ஏற்படும் நிம்மதி சொல்லில் அடங்காது. அங்கே கைப்பேசி எடுக்காது என்பதால், நாளை காலை அங்கு வரும் லினெட்டின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் டெஸ் நோவாக் பற்றியது. உதவித்தொகை ஏதும் பெறாமல் அணியில் ஆடும் பெண். வான்கோழிப் பண்ணையிலிருந்து நாற்பது மைல் காரோட்டி வந்து, கோடை முழுவதும் வாரம் நான்கு நாள் காலை ஆறு மணிக்கு என் பளுக்கூடத்தின் வாசலில் நின்றவள். உதவித்தொகை பெறாதவர்கள் நின்ற இடத்திலிருந்து இருபது அங்குலமாவது எம்ப வேண்டும், தவறினால் அணியில் இடமில்லை என்பது விதி. அதை வகுத்தவன் நான். தாங்கள் படிக்காமலே அங்கீகரித்தீர்கள், அந்த நம்பிக்கைக்கு என்றும் கடமைப்பட்டுள்ளேன். மே மாதம் இருபத்தொரு அங்குலம் எம்பிய அந்தப் பெண், மூன்று மாதப் பயிற்சிக்குப் பின், கடந்த திங்கட்கிழமை பத்தொன்பதேகால் எம்பியிருக்கிறாள். அணி முழுவதும் இதே கதைதான். ஒரு கோடைக்குள் ஓர் அணியையே தரையோடு ஒட்டவைத்த பயிற்சியாளன் என்ற புகழ் இப்போது எனக்கு.

திங்களன்று நான் ஊரில் இல்லை. சோதனைகளைப் பிழையின்றி நடத்துவது எப்படி என்று மினியாபொலிஸில் இருநூறு பயிற்சியாளர்களுக்கு உரை நிகழ்த்திக்கொண்டிருந்தேன். ஆகவே, நீல அட்டையிட்டு, கையொப்பமிட்டு நான் விட்டுச்சென்ற சோதனைத் தாள்களை வைத்து, வாலிபால் பயிற்சியாளர் பிரெண்டா ஸ்டக்கி தாமே சோதனையை நடத்தினார். களைப்புத் தராதது முதலில், களைக்க வைப்பது கடைசியில் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. உயரம், எடை, பிறகு எம்புதல், பிறகு பளுவைத் தோளில் ஏற்றிக் குந்தி எழுதல், எல்லாம் முடிந்த பிறகு, இருபத்தைந்து கஜத் தூரத்தைப் பன்னிரண்டு தடவை நிற்காமல் கடக்கும் அந்தப் பாழும் முந்நூறு கஜ ஓட்டம். ஆனால் அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? எடுத்த எடுப்பிலேயே பெண்களின் தோளில் பளுவை ஏற்றினார். இறக்கியதும் முந்நூறு கஜம் ஓடவிட்டார். மூன்று பேர் குப்பைத் தொட்டியைக் கட்டிக்கொண்டு காலை உணவைத் திருப்பிக் கொடுத்த பிறகு, சாவகாசமாக உயரமும் எடையும் எடுத்தார். வாந்தி எடுத்தபிறகு எடை! ஒரு நிமிட ஓட்டத்தில் யாராவது வளர்ந்திருப்பார்களோ என்று உயரம்! அதற்கும் பிறகு, "சரி, வாங்கடி, இப்ப எம்புங்க பாக்கலாம்" என்றாராம். எம்பினார்கள். ஈரச் சாக்கு மூட்டைகள் எம்பினால் எப்படி இருக்கும், அப்படி எம்பினார்கள்.

நேற்று அந்த அம்மாளை நடைவழியில் நிறுத்தி, இதற்கு ஏதேனும் நூலாதாரம் உண்டா என்று பணிவுடன் வினவினேன்.

"ஏங்க எவரெட், உங்க தாள்ல இருக்கறதத்தானே பண்ணேன்? மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு வரி விடல" என்றார்.

"உயரத்தைக் கடைசியில் எடுக்கச் சொல்ல எனக்குப் பைத்தியமா?"

"நானும் அதத்தான் நினைச்சேன். இருந்தாலும் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டா நாலு பக்கத்துக்குப் பதில் எழுதுவீங்க. அதுக்கு நானே முந்நூறு கஜம் ஓடிடலாம்."

இதுதான் மரியாதை! பார்த்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு அங்குலத்துல கால்வாசி தப்பாப் போனாக்கூட எனக்குத் தூக்கம் வராது. அந்த அம்மாளுக்கோ தாளைப் படிக்கும் பொறுமைகூட இல்லை, தப்பைத் தூக்கி என் தலையில போடறாங்க, நடுவுல அந்தப் பொண்ணு டெஸ் சாயங்காலம் பளுக்கூடத்துல யாரும் இல்லாதப்ப சுவரைப் பாத்து எம்பி எம்பிக் குதிச்சிட்டிருக்கா, என்னைக் கண்டதும் ஷூ கயிறு கட்டற மாதிரி உக்காந்துக்கறா. மன்னிக்கவும், நடை சற்றுத் தடம் புரண்டுவிட்டது.

ஆகவே என் கோரிக்கைகள் இரண்டு. வெள்ளி காலை ஒன்பது மணிக்கு, ஓய்வெடுத்த கால்களோடு, முறைப்படி மறுசோதனை நடைபெற வேண்டும். இரண்டாவதாக, அந்த அம்மாளிடமிருந்து எழுத்துமூலமான விளக்கம் பெற்றுக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

தங்கள் தூண்டில் என்றும் கனக்கட்டும். தங்கள் மனைவி கேய்லின் ருபார்ப் கேக்குக்கு என் வணக்கங்கள். எல்லா நலன்களும் முறையான வரிசையில் தங்களை வந்தடைய வாழ்த்தும்,
எவரெட் ஹால்வர்சன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் வேளையில், லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுக்க டெஸ் வந்தாள். வெள்ளி வரை வைத்துக்கொள், தவறு பிரெண்டாவுடையது, கடிதம் எழுதியாயிற்று என்றேன். "அவங்க தப்பு இல்ல, கோச்" என்று ஆணியில் தொங்கிய நீல அட்டையைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே இரண்டு தாள்கள். பளுவும் ஓட்டமும் உள்ள இரண்டாவது தாள் மேலேயும், உயரத்தில் தொடங்கும் முதல் தாள் அதன் கீழேயுமாக ஸ்டேப்ளர் பின் அடிக்கப்பட்டிருந்தன. பின் அடித்தவன் நான். பக்க எண் கட்டாயம் என்று விதி வகுத்தவனும் நான்; பக்க எண் இல்லை.

"அன்றைக்கே தெரியுமா? ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா, திருத்தம் கேக்க ஏழாம் நம்பர் படிவம் இருக்குன்னு சொல்வீங்க, கோச். அத மூணு நாள் முன்னாடி குடுக்கணும்."

உண்மை. அதுவும் என் விதியே.

கடிதத்தைக் கிழித்துப் புதிதாக எழுதலாம். ஆனால் கையொப்பமிட்ட ஆவணத்தில் கை வைக்கக்கூடாது என்றொரு விதி இருக்கிறது. யாருடையது என்று கேட்க வேண்டாம். எனவே மேலே நான்கு இடங்களில் வரும் "அந்த அம்மாள்" என்பதைத் தங்கள் அத்தான் என்று திருத்தி வாசிக்கவும். எழுத்துமூலமான விளக்கத்தை லினெட்டிடமே கொடுத்திருக்கிறேன், நான்கு பக்கம். வெள்ளிக்கிழமை மறுசோதனையைப் பிரெண்டா நடத்தட்டும். தாள்கள் தயார். இம்முறை பின் அடித்தவள் டெஸ்.