கண்டனத்துக்கு ஒரு சொல்

ஒரு காட்டில், தண்ணீர் குடிக்கக்கூட டோக்கன் வாங்குகிற அளவுக்கு நாகரிகம் முற்றிவிட்ட காட்டில், செவந்தி என்றொரு முயல் இருந்தாள். மூன்று குட்டி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வளை வாசலில் நோட்டீஸ்!

"நிலாவின் ஆட்சி வேண்டி வெள்ளிக்கிழமைக்குள் ஊளையிடாத குடும்பம் விழுங்கப்படும். இப்படிக்கு, முழுநிலாப் படை."

ஓநாய்கள். முயலுக்கு ஊளை வருமா?

நிலாநெறிக் கட்சி ஆபீசுக்கு ஓடினாள். நாற்பது வருஷமாக அதே நிலா ஆட்சியைக் கேட்டு, தேர்தலில் மட்டும் நிற்கிற கண்ணியமான நரிகள். ஓநாய்கள் படித்ததும் இவர்கள் போட்ட புத்தகம்தான்.

"ஐயா, முயல் ஊளையிட வேண்டாம்னு ஒரே ஒரு வரி சொல்லிடுங்க."

தலைவர் நரி கண்ணைத் துடைத்தார். "அடடா, பச்சை உடம்புக்காரி! உட்காரும்மா. அவங்க நிலா பக்தர்களே இல்ல, இப்ப ஆட்சியில இருக்கிற புலி ஏவிவிட்ட கைக்கூலிங்க. இப்பவே கண்டன அறிக்கை!"

செயலாளர் 'கண்டிக்கிறோம்' என்று எழுதினார்.

"இளைஞரணி கோவிச்சுக்கும்," என்றார் பொருளாளர்.

'வருந்துகிறோம்' ஆயிற்று.

"யாருக்காக வருந்துறோம்னு கேப்பாங்களே?"

'கவலையோடு கவனிக்கிறோம்' ஆயிற்று. டீ வந்தது.

"ஐயா, ஊளை வேண்டாம்கிற வரி?"

"அதெப்படிம்மா? ஊளை நம்ம கொள்கையாச்சே! அவங்க அவசரப்படுறாங்க, அதான் தப்பு. நாங்க வந்தா எல்லாம் படிப்படியா. முதல்ல ஃபாரம், அப்புறம் பயிற்சி வகுப்பு, அதுக்கப்புறம்தான் விழுங்..."

செயலாளர் இருமினார்.

"...நடவடிக்கை," என்று முடித்தார் தலைவர்.

"சரிங்கய்யா, நிதானமா எழுதுங்க," என்று செவந்தி வீட்டுக்கு ஓடி, வளையின் பின்சுவரில் கால் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காக்கை வந்து கத்தியது: "'அவசரம்' வேண்டாமாம், 'அதீத ஆர்வம்'னு போடுறாங்களாம்!" செவந்தி தோண்டினாள். புதன்கிழமை, "புலியைத் திட்டி நாலு பாரா சேர்த்தாச்சு!" தோண்டினாள். வியாழக்கிழமை காற்புள்ளிக்கு வாக்கெடுப்பு. மண் பறந்தது!

வெள்ளிக்கிழமை காலையில் அறிக்கையை அவள் வாசலிலேயே ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள் நரிகள். மாலையில் ஓநாய்கள் வந்தன. தளபதி இரண்டு தரம் படித்தார்.

"இதுல நமக்கு எதிரா என்னய்யா இருக்கு?"

"தேதி மட்டும்தான் தளபதி."

"அப்போ நாமளும் கையெழுத்துப் போட்டுருவோம்."

போட்டுவிட்டு வளைக்குள் கை விட்டார். கை போய்க்கொண்டே இருந்தது. பக்கத்துக் காட்டில், சுரங்கத்தின் மறுவாயை மண்போட்டு மூடிவிட்டு, செவந்தி மூன்றுக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நீதி: கண்டன அறிக்கை கட்டாயம் உயிரைக் காப்பாற்றும், அதை எழுதி முடிப்பதற்குள் அடுத்த காடு வரைக்கும் தோண்டிவிடலாம்.