ரெண்டு வாச்சுக்கு ஊரே சொன்ன பொய்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரைக்கும் சாலையோரம் நட்டிருக்கும் கிலோமீட்டர் கற்கள் அத்தனையும் பொய் சொல்கின்றன என்று நம்பிய ஒரே மனிதர் நம்ம ரெண்டு வாச்சுதான். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. தோணி கட்டும் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்க் கல்லுக்குக் கல் அளந்தார். காலையில் அளந்தபோது பதினோராவது கல் நாற்பது அடி தள்ளி இருந்தது. மத்தியானம் அளந்தபோது கிட்டே வந்துவிட்டது. கயிறு ஈரத்தில் சுருங்கும், வெயிலில் நீளும் என்று யார் சொல்லியும் அவர் கேட்கவில்லை. "நான் டீ குடிக்கப் போன கேப்புல எவனோ கல்லை நவுத்திட்டான்" என்று கடைசிவரை சாதித்தார்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அவர் ரெண்டு வாச்சு. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. ஒன்றை ஒன்று கண்காணிப்பதற்காக. இரண்டும் வேறு வேறு மணி காட்டினால் தீர்ப்பு சொல்லச் சட்டைப் பையில் மூன்றாவது ஒன்று. அந்த மூன்றாவது வாட்ச் ஏதாவது ஒன்றோடு ஒத்துப்போனால், இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டன என்று சந்தேகப்படுவார்.

நான் அப்போது பழவேற்காட்டில் ஒரு ஐஸ் பேக்டரியில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். ரொம்ப காலத்துக்கு முந்தியெல்லாம் இல்லை. எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகுதான். ரெண்டு வாச்சு தினமும் காலையில் என்னிடம் ஐஸ் வாங்க வருவார். பக்கத்துத் தோணிரேவுக் குப்பத்தில் பிறந்த மீனவர் மகன். ஆனால் படகில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். அதனால் ஏரியோரக் குப்பங்களில் எறாவை, அதாவது இறாலை, வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டிப் பொன்னேரியில் இருக்கும் கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழிலாகிவிட்டது. வழியில் ஐஸ் உருகினால் எறா போச்சு. அந்தப் பயத்திலேயே மிதித்து மிதித்து அவருக்குப் பேய் வேகம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டி வந்த ஒருவரை, பின்னால் முப்பது கிலோ எறாவோடு இவர் முந்திக்கொண்டு போயிருக்கிறார். அந்த மனிதர் மூச்சிரைக்கத் துரத்திப் பிடித்து, டைம் ட்ரயல் என்று ஒரு பந்தயம் இருப்பதைச் சொன்னார். ஒருவர் கிளம்பி ஒரு நிமிஷம் கழித்து அடுத்தவர் கிளம்புவார். ஒட்டி உரசி ஓட்டக் கூடாது. போட்டி கடிகாரத்தோடு மட்டும், குறைந்த நேரம் எடுத்தவருக்கே பரிசு. யாரையும் நம்பாத ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு உலகத்தில் கிடைக்குமா? அந்தப் புண்ணியவான் தன்னுடைய பழைய பந்தய சைக்கிளையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிடித்தது ஊருக்குச் சந்தேகம். கைகள் இரண்டையும் முன்னால் நீட்டிச் சேர்த்துவைத்துக் குனிந்துகொண்டே ஓட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? போதாததற்குப் பின்பக்கம் கூராக நீண்ட ஹெல்மெட். ஒருநாள் கால்முடியை முழங்கால் வரை மழித்துக்கொண்டு வந்து நின்றார். மீன் ஏலம் விடும் மேரியக்கா மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா தம்பி, வேண்டுதல்னா தலையத்தானே எடுப்பாங்க? நீ காலை எடுத்துகினு வந்திருக்கே?"

"காத்து புடிக்காம வழுக்கிட்டுப் போவணும்க்கா."

"எங்கிட்டயே டபாய்க்கிற பாரு!"

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பார்கள். ஒவ்வொரு குப்பத்தைத் தாண்டும்போதும் நின்று நோட்டில் மணியைக் குறித்துக்கொள்வாரே, அதைத்தான் மன்னிக்கவில்லை. எவன் தடை செய்த வலையை எடுத்துக்கொண்டு போகிறான் என்று மீன்வளத்துறைக்கு உளவு சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் நல்ல வலையைக்கூடப் பாய் போட்டு மூடினார்கள். பாயைப் பார்த்த ரெண்டு வாச்சு, தன்னிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள் என்று அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மாநில அளவில் முதல் பரிசு வாங்கி வந்தபோதும் நிலைமை மாறவில்லை. பத்திரிகையில் வந்த படத்தை ஏலத் திடலில் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"இன்னாப்பா, ரோட்டுல இவன் மட்டுந்தான் கீறான். கூட ஆளே இல்லியே. ஒத்தையா ஓட்டி ஃபர்ஸ்டா?"

"மொத ஆளா வந்து சேந்தியா தம்பி?"

"இல்லக்கா. பதினேழாவது ஆளா வந்தேன்."

"பதினேழாவதா வந்தவனுக்குக் கப்பு குடுத்தாங்களாம்! கேட்டுக்கோங்கடா" என்றார் மேரியக்கா. திடலே சிரித்தது. ரெண்டு வாச்சு கப்பைப் பெட்டியில் ஐஸுக்கடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பயிற்சிக்கு நேரம் பார்க்கும் வேலை என்னுடையது. ஊரில் நான் ஒருவன்தான் வெளியூர்க்காரன். யார் பக்கமும் சாயமாட்டேன் என்பது அவர் கணக்கு. ஆனாலும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி நேரத்தைச் சொன்னதும் முதல் கேள்வி, "எந்த வெரலால அமுக்கினே?" என்று வரும். கட்டைவிரல் மந்தமாம். ஆள்காட்டி விரல்தான் நம்பகமாம். ஒருதரம் மறந்துபோய்க் கட்டைவிரலால் அழுத்திவிட்டு உண்மையைச் சொன்னேன். முழுத் தூரத்தையும் திரும்ப ஓட்டிவிட்டு வந்தார். நான் வெயிலில் காய்ந்தேன்.

காற்று விஷயத்தில் மட்டும் அவருக்கு ஊர் தேவைப்பட்டது. காற்று எப்போது எந்தப் பக்கம் அடிக்கும் என்று அவர்களைப் போல யாருக்கும் தெரியாது. ஆனால் மீன்காரர்கள் உண்மையைச் சொல்கிற ஜாதியில்லை. எங்கே மீன் பட்டது என்று கேட்டால், வடக்கே போய்வந்தவன் தெற்கே கையைக் காட்டுவான். அது பொய்யில்லை, தொழில் பழக்கம். அதனால் ரெண்டு வாச்சு காற்றைப் பற்றிக் கேட்பார். அவர்கள் சொன்னதற்கு நேர் எதிராக நடப்பார். அப்படித்தான் ஜெயித்தும் வந்தார். செல்போனில் வானிலை பார்க்கலாமே என்றேன். "அதை யாரு ஏத்தறாங்கனு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அடுத்த வருஷம் நிலைமை விளையாட்டாக இல்லை. கம்பெனி வேன் குப்பங்களுக்குள்ளேயே வர ஆரம்பித்துவிட்டது. சைக்கிள் போகிற ஒன்றிரண்டு மணல்பாதைகள்தான் அவருக்கு மிச்சம். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். தொடர்ந்து இரண்டாவது தடவை ஜெயித்தால் விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலை. அதற்கும் வயது வரம்பில் அதுதான் கடைசி வருஷம். பந்தயம் நடக்கப்போவதோ எங்கள் சாலையிலேயே. பொன்னேரியில் கிளம்பி, பழவேற்காடு வந்து, திரும்பவும் பொன்னேரி.

வேலை விஷயம் தெரிந்ததும் ஊர் ஒரே நாளில் மாறியது. மேரியக்கா ஏலத்தை நிறுத்திவிட்டுக் கூட்டம் போட்டார். கணக்கு இதுதான்: காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று. ஒன்பதரைக்குத் திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவனை வரும்போதும் காற்று தள்ளும், போகும்போதும் தள்ளும். ஏழு மணிக்குக் கிளம்புகிறவன் பாதி தூரம் எதிர்க்காற்றில் சாக வேண்டியதுதான். பந்தயத்தில் ஏழு மணிக்கு ஒரு பிரிவு, ஒன்பது மணிக்கு ஒரு பிரிவு. போன வருஷ சாம்பியன் என்பதால் எது வேண்டுமோ அதை அவரே கேட்டு வாங்கலாம்.

"ஒம்போதுனு சொன்னா ஏழுக்குப் போயி நிப்பான் பேமானி. எல்லாரும் ஏழுனே சொல்லுங்க" என்று உத்தரவு போட்டார் மேரியக்கா.

ஊர் சொன்னது. வலை பின்னுகிறவர் சொன்னார், டீக்கடைக்காரர் சொன்னார், படகுக்கு டீசல் ஊற்றுகிறவர் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். எல்லாரும் ஏழு, ஏழு, ஏழு. சாயங்காலம் ரெண்டு வாச்சு முகம் வெளுத்துப்போய் ஐஸ் பேக்டரிக்கு வந்தார்.

"ரைட்டரு, இந்த ஊர்ல நாலு பேரு நாலு மாதிரி சொன்னாத்தான் நெசம். எல்லாரும் ஒண்ணையே சொல்றாங்கன்னா இன்னாவோ கீது. நான் தோக்கணும்னு பேசி வச்சிருக்காங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. உடைத்துவிட்டேன். "அண்ணே, நீங்க ஜெயிக்கணும்னுதான் பேசி வச்சிருக்காங்க. நீங்க மாத்திச் செய்வீங்கன்னு தெரிஞ்சேதான் பொய் சொல்றாங்க. ஒன்பதுதான் சரி."

சட்டைப் பையிலிருந்த மூன்றாவது வாட்ச்சை எடுத்துப் பார்த்தார். "எனக்காவ, இந்த ஊரு, ஒண்ணா சேந்து பொய் சொல்லுதா? இதை நான் நம்பணும்?"

"நம்புங்கண்ணே."

"ஒம்போதையே எடுக்கறேன். உன்னை நம்பி இல்ல. ஏழு மணிக்கு எனக்கு எறா லோடு இருக்குது."

பந்தயத்தன்று பழவேற்காடு நுழையும் இடத்தில் சாலையின் இருபுறமும் ஊரே நின்றது. அன்றைக்கு ஏலம் இல்லை, பாதிப் பேர் கடலுக்கே போகவில்லை. நானும் பேக்டரியைப் பூட்டிவிட்டு நின்றேன். சொல்லிவைத்தாற்போல் ஒன்பதரைக்குக் காற்று நின்று, கடல் பக்கமிருந்து திரும்பி அடித்தது. மேரியக்காவின் முந்தானை மேற்குப் பக்கம் படபடத்தது. அப்போது குனிந்த தலையோடு வந்தார் ரெண்டு வாச்சு. சாலை நடுவே வைத்திருந்த டிரம்மைச் சுற்றித் திரும்பினார். அதுவரைக்கும் வந்தவர்களில் அவர் நேரம்தான் குறைவு. நாங்கள் போட்ட கூச்சலில் கொக்குகள் எழுந்து பறந்தன. அவர் என்ன செய்தார் தெரியுமா? தலையைத் தூக்கி, உடம்பையே வளைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்தச் சைக்கிளில் அது செய்யவே கூடாத காரியம். வேகம் அறுந்து, சக்கரம் ஆடி, சுதாரித்துக்கொண்டு போனார்.

இரண்டு நொடியில் தோற்றார். அவருக்குப் பத்து நிமிஷம் பின்னால் கிளம்பிய ஒரு சென்னை இளைஞர் ஜெயித்துவிட்டார். வேலை அந்த இரண்டு நொடியோடு போனது.

சாயங்காலம் ஏலத் திடல் கொதித்தது. இத்தனை வருஷம் அவர் தனியாகப் பட்ட சந்தேகத்தை அன்றைக்கு ஊரே பட்டது. "கடியாரத்துல எவனோ வேலை காட்டிட்டான். வா தம்பி, மனு போடுவோம்" என்று மேரியக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"கடியாரம் கரெக்டுதான்க்கா. விடுங்க" என்றார் ரெண்டு வாச்சு.

அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. நான்தான் கேட்டேன்: "எதுக்குண்ணே திரும்பிப் பாத்தீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "அத்தினி பேரு கத்துனீங்களே ரைட்டரு. எனக்குனு தோணவே இல்ல. பின்னால வேற எவனோ பெரிய ஆளு வர்றான் போலனு பாத்தேன்."

பின்னால் யாரும் வரவில்லை, அண்ணே. நாங்கள் அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்தியது உங்களுக்காகத்தான்.