அனுமதித் திலகம் அம்புறோஸ்

பெண் விடுதலை பெண்களால் வந்தது என்று புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிழை. அது 2005ஆம் ஆண்டு மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடி வீடொன்றில், சாரத்தோடு இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் ஆணால் வந்தது. அவர் பெயர் அம்புறோஸ்.

அந்த மகத்தான கணத்தில் அவர் இலங்கை அணி ஆடிய பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றின் ஒளிநாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக்குள்ளிருந்து மனைவி யோசெப்பின் சொன்னார்:

"இஞ்சேருங்கோ, நான் வைகாசியிலை தனியக் கோசோவுக்குப் போகப் போறன்."

அம்புறோசின் காதில் 'கொஸ்கோ' என்று விழுந்தது. 'வைகாசி' விழவில்லை, அதே நேரம் விக்கெட் ஒன்று விழுந்துவிட்டது.

"ஓம், ஓம், போட்டு வாரும். மீன் ரின்னும் முடிஞ்சுது."

வரலாறு இப்படித்தான் நிகழ்கிறது.

கொஸ்கோ, அரிசியை மூட்டையாக வாங்கும் பெரிய கடை. கோசோ, மத்தியதரைக் கடலில் மோல்ற்றாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தீவு. இரண்டுக்கும் நடுவில் அத்திலாந்திக் சமுத்திரம் கிடக்கிறது என்ற பூகோள உண்மை, அடுத்த மாதம் யோசெப்பின் அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் விமானச் சீட்டை வைத்தபோதுதான் அம்புறோசுக்குத் தெரியவந்தது. மகள் றொஷினி இன்டர்நெட்டில் தேடி எடுத்துக் கொடுத்த சீட்டு.

"இது என்ன?"

"ரிக்கற். நீங்கள்தானே போட்டு வாரும் எண்டனீங்கள்."

"நான் அரிசி வாங்க எல்லோ சொன்னனான்!"

"அங்கையும் அரிசி இருக்குமாக்கும்."

"தனிய அங்கை போய் என்ன செய்யப் போறீர்?"

"ஒண்டும் செய்யமாட்டன். கடலைப் பாத்துக்கொண்டு இருப்பன்."

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறதை இந்த வீட்டிலை செய்ய ஏலாதோ?"

"இஞ்சை அந்த வேலையை நீங்கள் பாக்கிறீங்கள். ரெண்டு பேருக்கு இடம் காணாது."

யோசெப்பின் கார்டெரி எனப்படும் பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்தார். பகல் முழுக்க அங்கே பதினொரு பிள்ளைகள். பின்னேரம் வந்தால் வீட்டில் ஒன்று. அதற்கு மீசையும் உண்டு.

சீட்டு வந்த நாளிலிருந்து யோசெப்பினுக்கு ஒரு சந்தோஷக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அகல விளிம்பு வைத்த வைக்கோல் தொப்பி ஒன்று வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டே மீன் பொரித்தார். குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று "டேபிள் ஃபோர் வன், பிளீஸ்" என்று சொல்லிப் பழகினார். முதல் கிழமை வெட்கத்தோடு கேட்டார். மூன்றாம் கிழமை கேட்ட கேள்விக்குப் பெட்டியே எழும்பி இடம் கொடுத்திருக்கும். மோல்ற்றாவிலிருந்து தீவுக்குப் போகும் கப்பல், கடல் பக்கம் யன்னல் வைத்த அறை எல்லாவற்றையும் றொஷினியைக் கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பித்தார்.

"அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாது, பிள்ளை," என்றார் ஒருநாள். பாதிரியார் பரலோகத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் அப்படி ஒரு குரல் வரும்.

அம்புறோஸ் சும்மா இருக்கவில்லை. முறைப்பாடு செய்யப் புறப்பட்டார். 'மொன்றியல் தமிழ்க் குடும்ப மேம்பாட்டு ஒன்றியத்தின்' தலைவர் சவிரிமுத்து, பின்னேரங்களில் ஜோன்-தலோன் வீதித் தேத்தண்ணிக் கடையில் இருந்துதான் குடும்பங்களை மேம்படுத்துவார். நாலு பெரிய மனிதரை வீட்டுக்கு அனுப்பி யோசெப்பினுக்குப் புத்தி சொல்ல வைப்பார் என்பது அம்புறோசின் திட்டம். ஆனால் சவிரிமுத்து அந்தக் கிழமைதான் 'பெண் வலுவூட்டல்' பற்றிய பயிலரங்கு ஒன்றுக்குப் போய், நல்ல மதியச் சாப்பாட்டோடு திரும்பியிருந்தார். வலுவூட்டுவதற்கு அவசரமாக ஓர் ஆண் தேவைப்பட்டது.

"அண்ணை, வீட்டிலை ஒரு பிரச்சினை…" என்று அம்புறோஸ் தொடங்கும்போதே சவிரிமுத்து கட்டிப்பிடித்தார்.

"எல்லாம் தெரியும்! யோசெப்பின் கோயிலிலை சொன்னவ. கேட்ட உடனை ஓம் எண்டனீராம். ஒரு கேள்வி இல்லையாம்! எங்கடை சமூகத்திலை இப்பிடி ஒரு ஆம்பிளை இருக்கிறது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சே, அம்புறோஸ்!"

முறைப்பாடு நாக்கு நுனிவரை வந்து நின்றது. பக்கத்து மேசைக்காரர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். மரியாதையாகப் பார்த்தார்கள். அம்புறோசை அதுவரை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக் கண்ணாடிகூடப் பார்த்ததில்லை. முறைப்பாட்டை விழுங்கி, மேலே ஒரு மிடறு தேத்தண்ணியும் குடித்தார்.

"ஓம் அண்ணை," என்றார். "நான்தான் விட்டனான்."

உடனே 'பெண் வலுவூட்டல் உபகுழு' கோயில் நிலவறை மண்டபத்தில் கூடியது. உறுப்பினர் ஒன்பது பேர்; ஒன்பது பேரும் ஆண்கள். பெண்களே இல்லையா என்று கேட்பவர்கள் அவசரப்படுகிறார்கள். இருந்தார்கள், பக்கத்து அறையில், தேநீர் ஊற்றிக்கொண்டு.

ஆராய்ந்த விடயம்: அம்புறோசுக்கு என்ன பட்டம் கொடுப்பது. 'விடுதலை வேந்தர்' என்றார் ஒருவர். அது அரசியல் என்று இன்னொருவர் எழுந்து வெளியே போய், குளிர் தாங்காமல் திரும்பி வந்தார். 'பெண்ணியப் பெருந்தகை' என்றதற்கு, "கேக்கிற ஆக்கள் அம்புறோசைப் பொம்பிளை எண்டு நினைச்சிடுவினம்" என்று ஆட்சேபம் எழுந்தது. கடைசியில் 'அனுமதித் திலகம்' ஐந்துக்கு நாலு என்ற வாக்கில் நிறைவேறியது. தோற்ற நால்வரும் ஒரு மாதம் ஒன்றியத்தோடு கதைக்கவில்லை.

தமிழ் வானொலி ஒன்று செவ்வி எடுத்தது.

"மனைவியைத் தனிய விடேக்கை உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?"

"பெண்களுக்குச் சுதந்திரம் குடுக்க வேணும். அளவாக் குடுக்க வேணும்."

"எந்த இடத்துக்குப் போறா?"

"அது… மத்தியதரைக் கடல். அதின்ரை நடுவிலை."

வானொலியில் இது போய்க்கொண்டிருக்கும்போது யோசெப்பின் அனுமதித் திலகத்தின் விழாச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். கழுத்துப்பட்டியில் மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்.

பிறகுதான் சிக்கல் வந்தது. பாராட்டு விழாவுக்கு மண்டபம் கிடைத்த சனிக்கிழமையும், யோசெப்பினின் விமானம் பறக்கும் சனிக்கிழமையும் ஒரே சனிக்கிழமை.

"பயணத்தை ஒரு கிழமை தள்ளி வையும்," என்றார் அம்புறோஸ். "பொன்னாடை நீர்தான் போத்த வேணும் எண்டு ஒன்றியம் விரும்புது. சுதந்திரம் குடுத்த ஆள் மேடையிலை நிக்கேக்கை, சுதந்திரம் கிடைச்ச ஆள் பக்கத்திலை இல்லாட்டி வடிவில்லை. முந்நூறு றோல்ஸும் வேணுமாம்."

"பாப்பம்," என்றார் யோசெப்பின்.

'பாப்பம்' என்றால் 'ஓம்' என்பது அம்புறோசின் அகராதி. இருபத்தாறு வருடமாக அது பிழைத்ததில்லை.

சனிக்கிழமை விடிய முந்நூறு றோல்ஸும் பொரித்து அடுக்கியபடி இருந்தன. அம்புறோஸ் புதுக் கோட் சூட் போட்டு, மண்டப அலங்காரத்தை மேற்பார்வை செய்ய மத்தியானமே புறப்பட்டார். வழியனுப்ப வாசலுக்கு வந்த யோசெப்பினின் தலையில் வைக்கோல் தொப்பி.

"மேடைக்கு உந்தத் தொப்பி சரிவராது."

"மேடைக்கு இல்லை."

"ம். நேரத்துக்கு வந்திடும்."

"சரி, அப்ப நான் வாறன்."

வருகிறவரும் 'வாறன்' என்று சொல்லி, போகிறவரும் 'வாறன்' என்று சொல்லும் மொழி நம்முடையது. அம்புறோஸ் தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

விழா தமிழ் நேரப்படி தொடங்கியது. சவிரிமுத்து ஒலிவாங்கியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். "மனைவியைத் தனியே அனுப்பிய மாமனிதர்! ஏன், எதற்கு என்று ஒரு சொல் கேட்காத உத்தமர்!" கைதட்டல் ஓய்ந்ததும், "பொன்னாடை போர்த்தத் திருமதி யோசெப்பின் அம்புறோஸ் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்," என்றார்.

ஒருவரும் வரவில்லை. திரும்ப அழைத்தார். மூன்றாம் தரம் அழைத்தபோது பின்வரிசையில் றொஷினி எழும்பினாள்.

"டெசோலே, மன்னிக்க வேணும் அங்கிள். அம்மா வரமாட்டா. பின்னேரம் நான்தான் டோர்வல் எயாப்போட்டிலை கொண்டுபோய் விட்டனான். இப்ப பிளேன் ஏறியிருப்பா. றோல்ஸைச் சூடாக்கிச் சாப்பிடச் சொன்னவ."

சவிரிமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பொன்னாடையைத் தானே விரித்து அம்புறோசின் தோளில் போட்டார். அம்புறோஸ் அதை உணரவில்லை. முகம் கறுத்து, ஒலிவாங்கியைப் பறித்தார். பெண் விடுதலையின் தந்தை, அனுமதித் திலகம், பொன்னாடை பளபளக்க, மண்டபம் அதிரக் கேட்டார்:

"ஆரைக் கேட்டுப் போனவள்?"

மேடையில் இருந்த உபகுழு உறுப்பினர் ஒன்பது பேரும் தலையாட்டினார்கள்.

"அதுதானே! ஆரைக் கேட்டவ?"

ஒன்றியம் தொடங்கிய நாளிலிருந்து ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது.